சோகை, சக்கை, சாம்பல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி கரும்பைச் சுற்றியே இருக்கின்றன. வெட்டுக் காலம் தொடங்கிவிட்டது, வேறெப்படி இருக்கும்! நான் வேலை பார்த்ததும் தென்னாப்பிரிக்காவில், இந்த நட்டாலின் வடகடற்கரையில் ஒரு சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில்தான். ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, கரும்புக்கே பக்கத்தைத் தாராளமாக ஒதுக்குகிறேன்.

அக்கா, ஏப்ரலில் வெட்டு ஆரம்பித்தால் டிசம்பர் வரை எங்கள் தெருவில் கரி மழைதான். கொடியில் போட்ட வெள்ளைத் துணியெல்லாம் கறுப்புத் துணுக்கு. கரும்பைக் கொளுத்தித்தான் ஆக வேண்டுமா? கொளுத்தினால் நிலத்துக்கு நல்லது என்கிறார் என் கணவர்.
டொங்காட் வாசகி

முதலில் துணி. ஈரத்தில் ஒட்டிய கரியைக் கையால் தேய்க்காதீர்கள், இழைக்குள் இறங்கிவிடும். நன்றாகக் காயவிட்டு உதறுங்கள். மிச்சம் இருந்தால் அப்புறம் அலசிக்கொள்ளலாம்.

கொளுத்துவது நிலத்துக்காக அல்ல, வெட்டுக்காக. சோகை, அதாவது கரும்பின் காய்ந்த இலை, அதன் ஓரம் கையை அறுக்கும். புதருக்குள் பாம்பு இருக்கும். சோகையை உரித்துக்கொண்டே வெட்டினால் ஓர் ஆள் ஒரு நாளில் வெட்டும் எடை குறையும். லாரியில் சோகையும் சேர்ந்து ஏறினால் வண்டிக் கூலியும் வீண். வெட்டுகிறவர்கள் பக்கம் நின்று பார்த்தால் இந்தக் காரணங்கள் எல்லாம் நியாயமானவை. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் நிலத்துக்கு நல்லது என்று உங்கள் கணவர் சொல்வதற்கு மண்ணே பதில் சொல்லியிருக்கிறது. மவுண்ட் எட்ஜ்கோமில் உள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1939-ல் ஒரு சோதனை தொடங்கினார்கள். சில பாத்திகளில் கரும்பைக் கொளுத்தி வெட்டி, நுனித் தழையான கொழுந்தாடையையும் அகற்றிவிடுவார்கள். சிலவற்றில் கொளுத்திவிட்டுக் கொழுந்தாடையை மட்டும் பரப்புவார்கள். சிலவற்றில் தீயே வைக்காமல் பச்சையாக வெட்டி, மொத்தச் சோகையையும் நிலத்தின் மேல் போர்த்திவிடுவார்கள். ஒவ்வொன்றிலும் உரம் போட்டது, போடாதது என்று இரண்டு வகை. கொளுத்துவதா, சோகையை விடுவதா என்ற கேள்விக்கு உலகத்திலேயே மிக நீண்ட காலமாக நடந்துவரும் சோதனை இதுதான். தொடங்கியவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள், அவர்களுக்குப் பின் வந்தவர்களும் போனார்கள், பாத்திகள் மட்டும் அதே முறையில் தொடர்ந்தன. இந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் நிறைகிறது. மண் ஒரு வருஷத்தில் மாறுவதில்லை. அதைத் தெரிந்துகொள்ள இவ்வளவு காலம் காத்திருக்க ஆள் வேண்டும்.

காத்திருந்ததில் தெரிந்தது இது. சோகை போர்த்திய பாத்திகளின் மேல்மண்ணில் கரிமச் சத்து கூடியிருக்கிறது, மண்புழுவும் நுண்ணுயிரும் பெருகியிருக்கின்றன, ஈரம் தங்குகிறது. கொளுத்திய பாத்திகளில் அந்தக் கரிமம்தான் வருஷா வருஷம் புகையாக மேலே போனது. உங்கள் கொடியில் வந்து விழுவது அதில் ஒரு சிறு பங்கு. கண்ணுக்குத் தெரியும் துணுக்கைவிடக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் நெஞ்சுக்குக் கெடுதல். வீட்டில் ஆஸ்துமாக்காரர்கள் இருந்தால் தீ வைக்கும் நேரத்தில் ஜன்னலைச் சாத்துங்கள்.

எல்லா இடத்திலும் சோகை போர்த்துவது சரிவருமா என்றால், வராது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மேலே குளிர்ந்த மேட்டு நிலங்களில் தடித்த சோகைக்குக் கீழே மண் சூடேறாமல், வெட்டிய அடிக்கட்டையிலிருந்து வரும் மறுதாம்பு துளிர்க்கத் தாமதமாகும். அங்கே இருக்கும் விவசாயிக்கு நான் இதே புத்தியைச் சொல்ல மாட்டேன். ஆனால் டொங்காட் போன்ற கடலோரத்தில், அதிலும் வீடுகளை ஒட்டிய வயல்களில், பச்சையாக வெட்டுவதுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம். தீ வைத்த நாள், நேரம், காற்று வீசிய திசை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, தெருக்காரர்களாகச் சேர்ந்து வயல்காரரிடம் கொண்டுபோய்ப் பேசுங்கள். வெறும் வாய்ப்பேச்சைவிட அந்த நோட்டுக்கு மதிப்பு அதிகம்.

எங்கள் அப்பா ‘என்கோ 376’ என்று ஒரு கரும்பை வாய் ஓயாமல் புகழ்வார். அது கோயம்புத்தூர்க் கரும்பு என்று கோயிலில் ஒரு பெரியவர் சொன்னார். உண்மையா, இல்லை நம் ஊர்ப் பெருமைக்காகச் சொல்வதா?
ஸ்டாங்கர் வாசகர்

பெரியவர் சொன்னது உண்மை. இந்தக் கதையை நம் பிள்ளைகள் பள்ளியில் படிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

1860-ல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கிய நம் முன்னோர்கள் இங்கே வெட்டியது வேறு கரும்பு. பின்னால் ஊபா என்ற மெல்லிய, நார் மிகுந்த கரும்பு நட்டால் முழுவதும் பரவியது. எதையும் தாங்கும் என்று பெயர் வாங்கிய அந்தக் கரும்பு, இலையில் கோடு கோடாக விழும் ஒரு வைரஸ் நோயில் படுத்தது. மாற்று தேடும்போது எல்லோரும் பார்த்த இடம் கோயம்புத்தூர்.

அங்கே 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியிருந்தது. பார்பர் என்ற ஆங்கிலேயரும் டி. எஸ். வெங்கட்ராமனும் ஒரு துணிச்சலான வேலை செய்தார்கள். தடித்து, சாறு நிறைந்த வெள்ளைக் கரும்பை எடுத்து, ஆற்றோரம் தானாக வளரும் பேய்க்கரும்போடு கலந்தார்கள். பேய்க்கரும்பில் இனிப்பு கிடையாது, ஆனால் வறட்சியும் நோயும் அதை ஒன்றும் செய்யாது. அந்தக் கலப்பில் பிறந்த கோ 205 என்ற ரகம் 1918-ல் வெளிவந்தது. இன்று உலகத்தில் வணிகத்துக்காகப் பயிராகும் கரும்பு ஏறக்குறைய எல்லாவற்றிலும் அந்தக் காட்டுப் புல்லின் ரத்தம் ஓடுகிறது. அதே நிலையத்தில் 1930-களில் ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். ஒரு பெண் ஆராய்ச்சிக்கூடத்தில் இடம் பிடிப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது.

சரி, நம் ஊருக்கு வருவோம். நட்டாலில் கரும்பு பூக்கும், ஆனால் குளிர் இரவுகளில் மகரந்தம் வீரியம் இழந்துவிடுவதால் விதை பிடிக்காது. விதை இல்லாமல் புது ரகம் ஏது? தண்டுத் துண்டான கரணையை ஊன்றினால் தாயின் நகல்தான் வரும். ஆகவே கோயம்புத்தூரில் கலப்புச் செய்து, விதையை இங்கே அனுப்பினார்கள். கரும்பு விதையைப் பார்த்திருக்கிறீர்களா? வெண்பஞ்சு போன்ற பூவில் கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும் ஒரு பொடி. ஊதினால் பறந்துவிடும். அதை மவுண்ட் எட்ஜ்கோமில் தட்டுகளில் விதைத்து முளைக்கவைத்து, நாற்றுகளை வயலில் நட்டுப் பார்த்து, தேறாததைக் கழித்துக் கழித்து மிஞ்சியதில் ஒன்று என்கோ 310. கோ 421-ம் கோ 312-ம் அதன் தாய் தகப்பன். 1945-ல் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். பெயரில் உள்ள ‘என்’ நட்டால், ‘கோ’ கோயம்புத்தூர். இங்கிருந்து அது தைவான், ஒகினாவா, அமெரிக்காவின் லூசியானா வரைக்கும் போனது. உங்கள் அப்பா புகழும் 376 அதன் கூடப்பிறப்பு, அதே பெற்றோர், 1955-ல் வந்தது. பல பத்தாண்டுகள் இந்த நாட்டுக் கரும்பு வயல்களை ஆண்டது அதுதான்.

குறையும் உண்டு. கரிப்பூட்டை என்ற பூஞ்சாண நோய்க்கு அது எளிதில் மடங்கிவிடும். பிறகு மவுண்ட் எட்ஜ்கோமிலேயே வெப்பமூட்டிய கண்ணாடி வீடு கட்டி, பகல் நேரத்தைக் கூட்டிக் குறைத்து, விதை பிடிக்கவைக்கக் கற்றுக்கொண்டார்கள். இப்போது வயலில் இருக்கும் ‘என்’ வரிசை ரகங்கள் அப்படி வந்தவை. ஒரு ரகம் விதையிலிருந்து விவசாயி கைக்கு வரப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும்.

என் கரும்பில் எல்டானா புழு. பக்கத்து வயல்காரர் யூரியாவைக் கூட்டிப் போட்டால் கரும்பு தேறிவிடும் என்கிறார். செய்யலாமா?
வெருலம் சிறு விவசாயி

வேண்டாம்! யூரியா கொடுப்பது தழைச்சத்து. அது கூடக் கூடக் கரும்பின் சதை இளகும், புழுவுக்குக் கொண்டாட்டம்.

ஒரு கரும்பை அடியோடு வெட்டி, கீழ்க் கணுக்களை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். துளைவாயில் பழுப்பு நிறத்தில் மரத்தூள் மாதிரி எச்சம் தள்ளியிருக்கும். உள்ளே சுரங்கம், சுரங்கத்தைச் சுற்றிச் சதை செக்கச்செவேலென்று மாறியிருக்கும். அந்தச் சிவப்பு, துளை வழியாக உள்ளே போன பூஞ்சாணத்தின் வேலை. சர்க்கரையை அதுவும் தின்கிறது. தாய் அந்துப்பூச்சி முட்டையிடுவது அடிக்கரும்பில் ஒட்டியிருக்கும் காய்ந்த சோகை மறைவில். நாள்பட்ட கரும்பிலும் தண்ணீருக்கு ஏங்கும் கரும்பிலும்தான் தாக்குதல் கடுமை. ஆகவே இந்தத் துண்டை இரண்டு வருஷம் நிற்க விடாதீர்கள், சீக்கிரம் வெட்டுங்கள்.

இந்தப் புழு வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல. நம் சதுப்பு நிலங்களில் உள்ள கோரையிலும் பாப்பிரஸிலும் காலங்காலமாக வாழ்ந்தது. சதுப்பைத் தூர்த்துக் கரும்பு வைத்தோம், அது கரும்புக்கு மாறியது. 1970-களிலிருந்து தலைவலிதான். மவுண்ட் எட்ஜ்கோம்காரர்கள் இதையே மருந்தாகத் திருப்பினார்கள். வயல் ஓரத்தில் மொலாசஸ் புல் நட்டால் அதன் வாசம் அந்துப்பூச்சியைத் தள்ளும், புழுவின் எதிரியான குளவியை அழைக்கும். பக்கத்துச் சதுப்பில் கோரையை மீண்டும் வளரவிட்டால் பூச்சி தன் பழைய வீட்டுக்குப் போகும். ஒரு பக்கம் தள்ளுவது, மறுபக்கம் இழுப்பது. உங்கள் வயலுக்குக் கீழே ஓடை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கரையை உழாமல் விடுங்கள், மற்றதைக் கோரை பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று சிலிக்கா. கரும்பு மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தண்டின் தோலில் படியவைக்கும். தோல் கடினமானால் குஞ்சுப் புழு உள்ளே நுழைய நேரம் பிடிக்கும். வெளியே கிடக்கும் நேரத்தில் எறும்பு தூக்கிப் போய்விடும். நம் கடலோர மணல் மண்ணிலும், மழையில் கரைந்து புளித்த பழைய மண்ணிலும் பயிர் எடுக்கக்கூடிய சிலிக்கா குறைவு. கால்சியம் சிலிக்கேட் போட்ட சோதனைகளில் எல்டானா சேதம் குறைந்திருக்கிறது. கையில் கிடைத்ததைக் கொட்டாதீர்கள். மவுண்ட் எட்ஜ்கோமில் உர ஆலோசனைப் பிரிவு இருக்கிறது, மண்ணும் இலையும் அனுப்பிப் பரிசோதித்துவிட்டு அளவைக் கேட்டுப் போடுங்கள்.

கைக்கு அடக்கமான பிரிக்ஸ் மீட்டர் வாங்கினேன். வெட்டிப் போட்ட கரும்பில் நாளுக்கு நாள் பிரிக்ஸ் ஏறுகிறது. ஆலையிலோ விலையைக் குறைக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
டார்னல் வாசகர்

இந்தக் கேள்வி என் பழைய மேஜைக்கே வந்த கேள்வி. நீங்கள் கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு, மூடியைச் சாத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கும்போது தெரியும் நீலக் கோடு சாற்றில் கரைந்திருப்பது எல்லாவற்றையும் சேர்த்தே அளக்கிறது. அந்த அளவுதான் பிரிக்ஸ். சர்க்கரையை மட்டும் பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது. வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் தண்ணீர் வற்றும், சாறு கெட்டியாகும், பிரிக்ஸ் ஏறும். அதே நேரத்தில் உள்ளே சுக்ரோஸ், அதாவது நாம் சாப்பிடும் சர்க்கரை, உடைந்து குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் மாறிக்கொண்டிருக்கும். அவை சர்க்கரைக் கட்டியாக உறையாது. லூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா வேறு புகுந்து டெக்ஸ்ட்ரான் என்ற கோழையை உண்டாக்கும். அது வந்தால் சாறு வடிகட்டியில் இறங்காது, பாகில் மணி கட்டாது. கொளுத்திய கரும்பில் தோல் வெடித்திருப்பதால் இது இன்னும் வேகம்.

ஆலையில் போலாரிமீட்டர் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். சுக்ரோஸ் ஒளியை வலப்பக்கம் திருப்பும், உடைந்த சர்க்கரைக் கலவை இடப்பக்கம் திருப்பும். இங்கே விலை போடுவது சுக்ரோஸிலிருந்து, சர்க்கரையல்லாத கரைபொருளுக்கும் நாருக்கும் கழித்துக்கொண்டு மிஞ்சும் மதிப்புக்கு. உங்கள் மீட்டரில் ஏறியது, அந்தக் கணக்கில் உங்களுக்கு எதிராக விழுந்தது. நிற்கிற கரும்பு முற்றிவிட்டதா என்று பார்க்க மீட்டர் அருமையான கருவி. அடிக்கணுவிலும் நுனிக்கணுவிலும் அளந்து, இரண்டும் நெருங்கிவிட்டால் வெட்டுங்கள். வெட்டியபின் அதைப் பையில் போட்டுவிட்டு லாரியைத் துரத்துங்கள்.

கோயில் அன்னதானத்துக்குக் கரும்புச் சக்கைத் தட்டு வாங்கலாம் என்று கமிட்டியில் பேச்சு. பிளாஸ்டிக்கைவிட நல்லதுதானே?
சாட்ஸ்வொர்த் வாசகி

பிளாஸ்டிக், தெர்மோகோல் இரண்டையும்விட நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள். சக்கை வெறும் நார். சூடான ரசத்தை ஊற்றினால் ஊறவேண்டும், எண்ணெய் பட்டால் பரவவேண்டும். ஊறாமல் இருக்கிறதென்றால் எதையோ சேர்த்திருக்கிறார்கள். பல நாடுகளில் இப்படிச் சேர்த்தது பிஎஃப்ஏஎஸ் என்ற ஃப்ளோரின் ரசாயனக் குடும்பம். கரிமத்தோடு ஃப்ளோரின் பிடித்த பிடி அவ்வளவு இறுக்கம், மண்ணிலும் தண்ணீரிலும் சிதையாமல் கிடக்கும். எண்ணெய் எதிர்ப்புக்காக இதைச் சேர்த்த உணவுத்தாள்கள் இனி விற்கப்படுவதில்லை என்று அமெரிக்க உணவுத்துறை 2024-ல் அறிவித்தது. மாதிரித் தட்டு ஒன்றில் ஆலிவ் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். முத்தாக உருண்டு நின்றால் சந்தேகப்படுங்கள், பரவி ஊறினால் நல்லது. உறுதியான சோதனை ஆய்வுக்கூடத்தில்தான், ஆனால் கமிட்டிக் கூட்டத்தில் கேள்வி எழுப்ப இது போதும்.

‘கரும்பில் செய்தது’ என்று அச்சடித்த பை வேறு விஷயம். கரும்பு எத்தனாலிலிருந்து பாலிஎத்திலீன் செய்யும் பெரிய ஆலை பிரேசிலில் 2010 முதல் ஓடுகிறது. பெட்ரோலியம் மிச்சமாகிறது, அது நல்லது. ஆனால் கிடைப்பது அதே பாலிஎத்திலீன், கடலில் விழுந்தால் அதே குப்பை. சாட்ஸ்வொர்த்தில் வாழைமரம் இல்லாத கொல்லை எத்தனை? என்னைக் கேட்டால் வாழையிலையே முதல் தேர்வு.

செசெலா ஆலையில் சக்கையிலிருந்து ஏதோ எண்ணெய் எடுக்கிறார்களாமே?
உம்சிண்டோ வாசகர்

ஃபர்ஃப்யூரல். சக்கையில் ஐந்து கரிம அணுக்கள் கொண்ட சர்க்கரைகள் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. உயர் அழுத்த நீராவியில் வேகவைத்தால் அவை உடைந்து, தண்ணீரை இழந்து ஃபர்ஃப்யூரல் ஆகும். பாதாம் வாசம், புதிதாக இருக்கும்போது நிறமில்லை, காற்றுப் பட்டால் பழுப்பு. அமெரிக்காவில் 1920-களில் ஓட்ஸ் உமியிலிருந்து இதை எடுக்கத் தொடங்கினார்கள். மசகு எண்ணெயைச் சுத்திகரிக்கவும், வார்ப்படச் சாலையில் மணல் அச்சைப் பிணைக்கும் பிசின் செய்யவும் போகிறது. எடுத்தபின் மிஞ்சும் சக்கையைக் கொதிகலனில் எரித்து நீராவி எடுக்கலாம்.

மகன் கட்டட வேலை செய்கிறான். ஆலைச் சாம்பலைச் சிமெண்டில் கலக்கலாம் என்று எங்கோ படித்தானாம்.
பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

படித்தது சரி, செய்வதில் கவனம். மேலே சொன்ன அதே சிலிக்கா, சக்கை எரிந்தபின் சாம்பலில் தங்குகிறது. சிமெண்ட் இறுகும்போது மிஞ்சும் சுண்ணாம்போடு அது சேர்ந்து, சிமெண்டுக்கு வலுத்தரும் அதே பிணைப்பை உண்டாக்கும். நம் தாத்தாக்கள் சுண்ணாம்பில் செங்கல் தூளைச் சுர்க்கியாகக் கலந்ததும் இந்த ரசாயனம்தான். ஆனால் கொதிகலன் அளவு மீறிச் சூடானால் சிலிக்கா படிகமாகி மந்தமாகிவிடும். வேகாத கரியும் வயல் மணலும் வேறு கலந்திருக்கும். சலித்து, மாவாக அரைத்து, கலந்த கட்டியை அழுத்திப் பரிசோதித்த பிறகுதான் எதுவும். தூண், உத்திரம், கூரைப் பலகைக்கு மகன் இதைத் தொடவே கூடாது. நடைபாதைக் கல்லில் செய்து பார்க்கட்டும்.

பேத்திக்கு அறிவியலில் ஆசை. ரசாயனமா, விவசாயமா, சுற்றுச்சூழலா என்று குழம்புகிறாள். எது நல்லது?
ஃபீனிக்ஸ் வாசகர்

இந்தப் பக்கத்தில் வந்த கேள்விகளையே அவளிடம் படிக்கக் கொடுங்கள். புழுவைப் பற்றிக் கேட்டால் மண்ணுக்குப் போகிறோம், சாம்பலைக் கேட்டால் கட்டடத்துக்குப் போகிறோம். இப்போதே ஒன்றைப் பிடித்துக்கொள்ள அவசியமில்லை. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் விவசாயம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகத்தில், ரசாயனப் பொறியியல் டர்பன் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில். சர்க்கரை ஆலைத் தொழிலுக்கான ஆராய்ச்சி நிலையமும் அந்த டர்பன் வளாகத்திலேயே இருக்கிறது.

அவசரமானது வேறு. பத்தாம் வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்கும்போது கணக்குக்குப் பதில் அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் ‘மேத்ஸ் லிட்டரசி’ எடுத்துவிட்டால் இந்தக் கதவுகள் மூடிவிடும். கணக்கு, இயற்பியல்-ரசாயனம், உயிரியல் மூன்றும் வேண்டும். மதிப்பெண் நன்றாக வருமே என்று பள்ளியில் லேசான பாடத்துக்குத் தள்ளப் பார்த்தால், நீங்களே நேரில் போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள்.